நான்காவது மன்றாட்டு

இந்த ஞாயிறு மன்றாட்டு எழுத
எங்கள் அன்பியத்தின் முறை.
திருச்சபைக்கு, நாட்டை ஆள்வோருக்கு, நோயாளிகளுக்கு
போன மாதத்து நோட்டிலேயே இருக்கிறது.
நான்காவதில்தான் பேனா நின்றது.

எலத்தகிரியில் மழைக்கு எழுத
யாரையும் கேட்க வேண்டியதில்லை.
பிலவேந்திரன் மாந்தோப்பில் மூன்றாவது போர்,
ஆயிரத்து நூறு அடி.
வந்தது மாவு. வெள்ளை மாவு.
வண்டிக்காரன் ஒரே பகலில் நரைத்துப்போய்
பணம் எண்ணி வாங்கிப் போனான்.

நேற்று ராத்திரி, அவன் தங்கை
சிஸ்டர் எமில்டாவின் குரல்பதிவு.
உலகப் படத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால்
அவள் இருக்கும் நாடு மறைந்துவிடும்.

சாயங்காலம் சங்கு ஊதுவார்களாம்.
வீடெல்லாம் செபத்தில் இருக்க
தெருவில் நாய் மட்டும் நடக்குமாம்.
ஞாயிற்றுக்கிழமை வலை தண்ணீரைத் தொடாது.
வெள்ளை உடுப்பு, தாழையோலை விசிறி,
நாலு குரலில் பாட்டு,
கூரைத் தகரம் அதிரும் என்கிறாள்.

கல்லறைக்குக் குழி வெட்டினால்
இரண்டடியில் கடல்.
போன வாரம் ஒருவரை
வாளியால் இறைத்து இறைத்துத்தான் இறக்கினார்களாம்.

(இங்கே சவரியம்மாள் குழிக்கு
பர்கூரிலிருந்து கம்ப்ரசர் வந்தது.)

நோவாவுக்கு வானவில் காட்டினவர்
வாக்கு மாறமாட்டார், சுவர் எதற்கு என்கிறாராம்
அந்த ஊர்ப் போதகர்.
"எனக்குப் பயமா இருக்குக்கா.
கடல் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்னு
ஒரு வரி சேர்த்துக்குங்க."

தண்ணீர் தாரும் என்று எழுதி
அடுத்த வரியில் தண்ணீரை எடும் என்று எழுதினால்
மேலே யாராவது சிரிக்கமாட்டார்களா?
இரண்டு தாள் கிழித்தேன்.
'அங்கிருந்து எடுத்து இங்கே' என்று எழுதியதை
ஃபாதர் பச்சை மையால் அடித்தார்.
"அது உப்புத் தண்ணிம்மா."

மிஞ்சியது இவ்வளவுதான்:
தண்ணீருக்குப் பயப்படும் அவர்களுக்காகவும்
தண்ணீருக்கு ஏங்கும் எங்களுக்காகவும்.

வாசிக்கும்போது தீவின் பெயரில் நாக்கு சறுக்கியது.
கடலைப் பார்க்காத முந்நூறு பேர்
எங்கேயும் இல்லாத ஒரு நாட்டுக்காக
'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்றார்கள்.
திருத்துவதற்குள் காணிக்கைப் பாட்டு எடுத்துவிட்டார்கள்.

பூசை முடிந்து வெளியே
புளியமரத்தடியில் பிலவேந்திரன், காதில் போன்.
எமில்டா பேசி முடித்த பிறகும்
பதினோரு வினாடி அலை ஓடுகிறது அந்தப் பதிவில்.
மூன்று தரம் கேட்டான்.

"போர்ல தண்ணி தட்டினா
இப்படித்தான் சத்தம் வரும்" என்றான்.