112ஆம் பக்கம், ஒன்பதாம் வரி

பாரிசில் அச்சாகும் புத்தகத்துக்குக்
கொக்குவிலில் இருந்து பிழை பார்க்கிறேன்.
ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி.
வெற்றிடமும் எழுத்தாம், அங்கத்தைய கணக்கு.

பிரெஞ்சுக்காரர் கேள்விக்குறிக்கு முன்னால்
மயிரிழை இடம் விடுவார்களாம்,
கேட்பதற்கு முன் மூச்சு எடுப்பதுபோல.
அந்தப் பழக்கம் தமிழுக்குள்ளும் புகுந்து
"சாப்பிட்டியோ ?" என்று
தள்ளி நிற்கிறது குறி.
ஒவ்வொன்றாக இழுத்து ஒட்டுகிறேன்.
ஒட்ட ஒட்ட என் கூலி குறைகிறது.
நேற்று மட்டும் நானூற்றுப் பதினாறு இடம்:
ஒரு தேத்தண்ணியும் வடையும்.

பதிப்பாளர் யூட் நிரஞ்சன்
லாச்சப்பலில் இருந்து குரல் அனுப்புகிறார்:
"ரிக்கற்றை டிக்கெட் ஆக்குங்கோ,
சென்னையிலயும் விக்க வேணும்."
ஆக்கவில்லை. கேட்டால்
கரண்ட் போனது என்பேன்.

எழுதியவர் புனிதசீலன். சமையல்காரர்.
வேலை முடிந்து வரும் கடைசி ரயிலில்
கைபேசியில் கட்டைவிரலால் எழுதியது.
சந்தி இல்லை, ஒருமை பன்மை இல்லை.
ஆனால் வெங்காயம் வதங்கும் பக்கத்தில்
ஒரு காற்புள்ளியைக்கூட நான் தொடவில்லை.

பிறகு 112. ஒன்பதாம் வரி.
"மாசியில் அண்ணா
முள்ளியவளையில் இறுந்தார்."

றகரத்தை ரகரமாக்கினால் இருந்தார்.
உகரத்தை எடுத்தால் இறந்தார்.
எதற்கும் ஒரே ஒரு தட்டு.
அகராதியில் இரண்டும் சரி.
முன்னுக்குத் தேடினேன், பின்னுக்குத் தேடினேன்;
140இல் அண்ணாவின் சைக்கிள் வருகிறது,
ஆர் ஓடுகிறார் என்று இல்லை.

ஓரத்தில் எழுதினேன்:
"ஆசிரியருக்கு. இருந்தாரா ? இறந்தாரா ?"
அனுப்பிய பிறகுதான் கண்டேன்,
நானும் இடம் விட்டிருக்கிறேன்.

மூன்று நாள் ஒன்றுமில்லை.
பொருளடக்கம் பார்த்தேன், பக்க எண் பார்த்தேன்,
பின்னட்டையில் 'நினைவலைகள்' என்றிருந்ததை
யூட்டோடு சண்டை பிடித்து எடுப்பித்தேன்.
நாலாம் நாள் இரவு வந்தது:
"தங்கச்சி, தெரிஞ்சிருந்தா
நான் சரியா எழுதியிருப்பன்."

திருத்தியதைத் திருத்தாமல் விடச் சொல்ல
எங்களிடம் ஒரு குறி உண்டு.
சொல்லுக்குக் கீழே வரிசையாய்ப் புள்ளிகள்,
ஓரத்தில் 'இருக்கட்டும்'.
வைத்தேன்.

யாராவது வாசித்துவிட்டுச் சொல்வார்கள்,
இந்தச் சனத்துக்கு ரகரம் றகரம் தெரியாது என்று.
சொல்லட்டும். என் பெயர் புத்தகத்தில் இல்லை.

கணக்கு அனுப்பினேன்.
இறுந்தார், ஐந்தெழுத்து.
முன்னும் பின்னும் வெற்றிடம் சேர்த்து
ஏழு.