வந்த காரணம்

பத்து வீட்டுக்கு ஒருவன் என்று அரசாங்கம் கணக்குப் போட்டதில்
எங்கள் சந்துக்கு நான் அகப்பட்டேன்.
பட்டியலில் என் பெயர் ஊ லா டின்.
கோயில் ரசீதில் கோதண்டபாணி.
இரண்டு பேருக்கும் ஒரே பேனாதான்.

யார் வீட்டில் யார் இரவு தங்கினாலும்
ஒன்பது மணிக்குள் என்னிடம் சொல்ல வேண்டும்.
பெயர், தகப்பன் பெயர், அட்டை எண்,
எங்கிருந்து, எத்தனை நாள், என்ன உறவு,
கடைசியில் 'வந்த காரணம்' என்று ஓர் அரை அங்குலக் கட்டம்.
அதற்குள் அடங்குகிற காரணங்கள்தான் பெகுவில் செல்லும்:
காய்ச்சல். கல்யாணம். கருமாதி.

கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள்.
போன மழை தொடங்கிய வாரம்
வார்டு ஆபீஸ் வாசலில் ஒரு பால் டின் வெடித்தது.
வைத்தவர்கள் குறிவைத்தது உள்ளே உட்காருகிறவனை.
அவன் அன்று பல் பிடுங்கப் போயிருந்தான்.
டீ கொண்டுபோன சோ பைங்குக்குப் பதினொரு வயது;
வலது கையில் இரண்டு விரல் போயிற்று.
தரையைக் கழுவிய வாளி என் வீட்டு வாளி.
மறுநாள் கூட்டத்தில் எழுந்து
"இனி கறாராக எழுதுவோம்" என்றவன் நான்.
தப்பு செய்யாதவனுக்கு நோட்டைக் கண்டு என்ன பயம்
என்றும் சொன்னதாக ஞாபகம்.
கை தட்டினார்கள்.

கறாராக எழுதினேன்.
நாலாம் நம்பர் வீட்டுக்குப் ப்ரோமிலிருந்து வந்த தையல்காரன்,
அட்டை எண், நாலு நாள், தம்பி, காதுவலி.
என் எழுத்து பிசிறில்லாதது, ஆபீஸில் மெச்சுவார்கள்.
இருட்டில் டார்ச் அடித்துப் படித்தாலும் தவறாது.
தவறவில்லை.
நேராக நாலாம் நம்பருக்குப் போனார்கள்.
கை வைத்துத் தைக்காத ஒரு பள்ளிச் சட்டை
அந்த வீட்டு ஆணியில் இன்னும் தொங்குகிறது.
அவன் அக்கா எதிரே வந்தால் இப்போதும் சிரிக்கிறாள்.
சிரிக்காமல் போனால் அதற்கும் ஒரு கட்டம் இருக்குமோ என்று.

நேற்று என் வீட்டுக்கே ஒருவன் வந்தான்.
மனைவியின் சித்தி மகன், டாவோய்ப் பக்கம்,
பத்தொன்பது வயது, தோளில் ஒரு பை.
பை எவ்வளவு கனம் என்று பார்த்தேன்.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.
ஜிப்பை அவனே இழுத்தான்.
இரண்டு சட்டை, ஒரு சார்ஜர், கருவாட்டுப் பொட்டலம்.
"இதையும் எழுதணுமா அத்தான்?"
அடியில் ஒரு துணி மூட்டை இருந்தது.
அவன் அவிழ்க்கவில்லை.
சோ பைங்கின் கையை நினைத்தால் கேட்டிருக்க வேண்டும்.
ஆணியில் தொங்கும் சட்டையை நினைத்தால்...
அதற்குள் மனைவி சோறு போட்டுவிட்டாள்.

எட்டே முக்கால். நோட்டை விரித்தேன்.
தேதி போட்டேன். கோடு இழுத்தேன்.
தேதியும் கோடும் அப்படியே இருந்தன.

ரோந்து வருகிறவர்கள்
ஆட்களை எண்ணுமுன் வாசலில் செருப்பை எண்ணுவார்கள்.
கோதண்டபாணி எழுந்துபோய்
அவன் செருப்பை உள்ளே எடுத்து வந்தான்.
ஊ லா டின் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான்.
விடியும்வரை இருவரும்
அந்த மூட்டையிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தோம்.
துணிக்கு ஏது சத்தம்.

காலையில் சோ பைங் தட்டோடு வந்தான்.
நான், மனைவி, மகள்:
என்றைக்கும் மூன்று கோப்பை.
இன்று நாலு வைத்தான்,
மூன்று விரலால், ஒரு சொட்டுச் சிந்தாமல்.

காசை எடுத்தேன்.
மூன்றுக்கா நாலுக்கா என்று
கை பாதியில் நின்றது.

அவனும் நின்றான்.