பதினான்காம் எண்ணின் இடது கை

சிலாய் சந்தைக்குப் பின்னால்
தகரக் கூரை போட்ட ஆட்டக்களம்.
பகலில் அங்கே நெல் காயும்.
யாராவது செத்தால்
பெட்டியை நடுவட்டத்தில் வைத்து
விடியவிடியச் சீட்டாடுவார்கள்.
மே மாத இரவுகள் மட்டும் கூடைப்பந்துக்கு.

நான் புள்ளி எழுதுகிறவள்.
புள்ளிக்கு ஒரு கட்டம், தவறுக்கு ஒரு கட்டம்,
ஓய்வு கேட்டால் ஒரு கோடு.
பதினான்காம் எண்,
எட்செல் டுமாயாஸ்,
இடது கையில் மட்டும் கறுப்பு உறை.
அதற்குக் கட்டம் இல்லை.

எறிவதோ வலது கையால்.
பிறகு இடதுக்கு எதற்கு உடுப்பு?

மீன் உருண்டை விற்கும் நெனா சொன்னாள்:
உள்ளே ஒரு பெண்ணின் பெயர் பச்சை குத்தியிருக்கிறது,
அவள் இப்போது நடுவரின் மனைவி.
சர்க்கரை ஆலைக்காரர்கள் சொன்னார்கள்:
கொதிபாகு தெறித்த தழும்பு.
எதிரணிப் பயிற்சியாளர் காறித் துப்பிவிட்டுச் சொன்னார்:
ஸ்டைல்.
தொலைக்காட்சியில் பெரிய ஆட்டக்காரன் போட்டால்
இவனுக்கும் அரிக்கும்.

மூன்றாம் கால் பகுதியில் ஒருநாள்
மின்சாரம் போனது.
ஐந்நூறு பேர் ஒரே குரலில் 'ஓ' என்றார்கள்.
பிறகு விசிறி மட்டை சத்தம்,
கூரையில் மழை.
என் மேசை முனையில் யாரோ வந்து உட்கார
மேசை அவன் பக்கம் சாய்ந்தது.
வியர்வை வாசனையில் எண் தெரியவில்லை;
கொசுவர்த்தியின் சிவப்புப் பொட்டில்
உறை தெரிந்தது.

இருட்டில் கேட்பது எளிது. கேட்டேன்.

"கரும்பு லாரி கவிழ்ந்தது.
வெளியே இழுத்தபோது ஒரு கீறல்கூட இல்லை.
எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.
ஆனால் இந்தக் கை
இருக்கிறதா என்று
திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.
சோற்றுத்தட்டில் கிடக்கும், எனக்குத் தெரியாது.
பந்து வரும்போது
பந்தைப் பார்ப்பதா, கையைப் பார்ப்பதா?

இது இறுக்கிப் பிடிக்கிறது.
இதோ முழங்கை, இதோ மணிக்கட்டு,
இங்கேதான் இருக்கிறேன், இங்கேதான் என்று
ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது."

டாக்டர் சொல்லித்தான் போட்டாயா?

"டாக்டர் சிரித்தார்."
கொஞ்சம் பொறுத்து:
"பொய்யாகவும் இருக்கலாம்.
கழற்றிப் பார்க்கப் பயம்."

விளக்கு வந்தது.
கண்ணைக் கசக்கிக்கொண்டு போய்
தடையில்லா எறி இரண்டு எறிந்தான்.
முதலாவது வளையத்தில் பட்டு வெளியே போனது.
இரண்டாவது வளையத்தையே தொடவில்லை.
இரண்டு கட்டத்திலும் பெருக்கல் குறி போட்டேன்.
இரக்கத்துக்கு எங்கள் தாளில் இடம் கிடையாது.

அடுத்த சனிக்கிழமை
சிறுவர் அணியில் ஆறு பேர் உறையோடு வந்தார்கள்.
ஒருவனுடையது அம்மாவின் காலுறை,
விரல் பக்கம் வெட்டியது.
ஒருவனுடையது அண்ணன் பைக்கில் போகும்போது
வெயிலுக்கு மாட்டுவது,
பூப்போட்டது.
இன்னொருவன் இரண்டு கையிலும் மாட்டி
பந்தைத் தவிர எல்லாவற்றையும் பிடித்தான்.

பொறுக்குமா குழுவுக்கு?
கூடினார்கள். வாதாடினார்கள்.
சட்டையின் நிறம்தான் உறைக்கும் என்றார் ஒருவர்.
தடை செய் என்றார் மற்றவர்.
சூடான பன்றி வறுவல் வந்ததும் சமாதானம் வந்தது.
முடிவு: உறை போடுகிறவன் மனு எழுதித் தர வேண்டும்,
காரணத்தோடு.

எட்செல் என்னிடம் தாளை நீட்டினான்.
என் கையெழுத்து நன்றாக இருக்குமாம்.
பெயர் எழுதினேன். எண் எழுதினேன்.
எந்தக் கை: இடது.
காரணம் என்று ஒரு வரி,
அரை விரல் நீளம்.

அவன் முகத்தைப் பார்த்தேன்.
அவன் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

'வெயில்' என்று எழுதினேன்.

ஆட்டம் இரவு எட்டு மணிக்கு.
தலைவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.