மெழுகு நூல்

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா பதினொன்று.
சுல்பிகர் கடையில்
ஆணி பிடுங்காத பலகைப் பெட்டிக்குள் புது எஞ்சின்.
நாற்பத்தோராயிரம் திர்ஹாம்,
ஒரு வருஷ வாரண்டி.

என் ஷெட்டில் ஸ்டாண்டில் தொங்கும் பிளாக்.
லேத்துக்காரர் இழுத்தடிக்கிறார்,
பிஸ்டன் இன்னும் கஸ்டம்ஸில்.
எப்படிக் கூட்டினாலும்
நானே செய்வதுதான் செலவு.

வெள்ளி ராத்திரி.
வியர்வை உள்ளே சொட்டாமல் நெற்றியில் துண்டு.
கிராங்க்கின் மேல் மெழுகு நூலைக் கிடத்தி
மூடியை முறுக்கி, திரும்பக் கழற்றினேன்.
நசுங்கிய பச்சைக் கோடு;
ஓரத்தில் மட்டும்
கொஞ்சம் ஒல்லி.

பெட்டிக்குள் இருப்பதையும்
யாரோ இப்படிப் பார்த்திருப்பார்கள்.
பார்த்திருப்பார்கள்தான்.

போனில் சுல்பிகர்:
"வேற ஆள் கேக்குறான், என்ன சொல்ற?"
"திங்கக்கிழமை சொல்றேன்" என்றேன்,
அடுத்த மூடியின் போல்ட்டைத்
தரையில் துழாவியபடி.