டார்கஸின் பங்கு

கம்பர்லாந்தில் மழை. வக்கீல்
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார்:
பாட்டன் எழுதிவைத்தபடி
வீடு, மேய்ச்சல் மேடு, நூற்று நாற்பது ஆடு
எல்லாம் ஆண்வழிக்கே.
லங்காஸ்டரிலிருந்து வந்திருந்தான் ஆம்ப்ரோஸ்,
ஒன்றுவிட்ட தம்பி,
சேறு படாத பூட்ஸ்.

மகளுக்கு ஆறு படுக்கை விரிப்பு.
கல்யாணம் ஆகும்வரை வடக்கு அறை.

டார்கஸ் ஒன்றும் சொல்லவில்லை.
எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

அலமாரியில் பீங்கான் அதிர்ந்தது.
கணப்படுப்பருகே கிடந்த நாய்
வாலை இடுக்கிக்கொண்டு மேசைக்கடியில் போனது.
"இதோ வந்துட்டேன் எசமான்" என்று
கரண்டியோடு ஓடிவந்த சமையல்காரி
நடைவழியில் நின்று நாக்கைக் கடித்தாள்.
எசமானைப் புதைத்துப் பத்து நாள்.

ஆம்ப்ரோஸ் சாவிகளை
மறுபடி எண்ணினான்.

இரவு வடக்கு அறையில்
மெழுகுவர்த்திக்குப் பின்னே சுவரில்
அப்பாவின் தோள்கள் எழுந்தன.
கூந்தலை அவிழ்த்துப் பார்த்தாள்.
போகவில்லை.