நூலகப் பிரதி

என் நாவலை நானே இரவல் எடுத்தேன்,
தோ பாயோ நூலகத்தில், ஒரு செவ்வாய் மாலை.
ஆறு ஆண்டில் எத்தனை பேர் தொட்டார்கள் என்று
அதன் முதுகின் மடிப்புகளை எண்ணத்தான் போனேன்.
இயந்திரம் என்னைத் தெரியாதது போலப் பீப் என்றது.

கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்து புரட்டினால்
ஓரமெல்லாம் பென்சில்.
கூர் சீவிய, நிமிர்ந்த எழுத்து;
குற்றப்பத்திரிகை எழுதுகிற கை.

பக்கம் பன்னிரண்டு. லிஃப்ட் பழுதுபார்க்கும் நல்லதம்பி
வடக்கயிற்றைத் தடவிப் பார்க்கிறான், அவ்வளவுதான்.
ஓரத்தில்: "கயிறு வந்துவிட்டது. இவன் பிழைக்க மாட்டான்."

நாற்பத்தொன்று. வட்டிக்காரனுக்கு நான் பெயர் வைக்கவில்லை,
ஒரு மோதிரம் மட்டும் கொடுத்திருந்தேன்.
"பெயர் இருந்தால் நமக்குப் பாவமாகிவிடும், அதானே?"
அதேதான்.
முதல் வரைவில் அவனுக்குப் பெயர் இருந்தது,
பூனை முடி ஒத்துக்கொள்ளாத ஒரு மகனும் இருந்தான்.
இருவரையும் அடித்துவிட்டேன்.

ஐம்பத்தாறில் மழை.
"மழை. அழச் சொல்கிறார்."
மறுபக்கம் மழை நின்றது, அங்கேயும் விடவில்லை:
"இப்போது சிரிக்கச் சொல்கிறார், அடுத்த அடி வலிக்க."

லிஃப்ட் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே நிற்கும் இடம்.
அதற்கு மட்டும் இரண்டு மாதம்.
வாக்கியங்களை நறுக்கினேன்.
மூச்சு. பொத்தான். மணி.
யாரும் வரவில்லை.
நாற்பது நொடியை நான்கு பக்கத்துக்கு இழுத்தேன்.
பென்சில் ஒரே ஓர் எழுத்துப் போட்டிருந்தது:
"ம்."

கோப்பி ஆறிவிட்டது.
எதிர் மேசைக்காரர் தன் நாலு நம்பர்ச் சீட்டைக்
கிழித்துக்கொண்டிருந்தார், அவசரமில்லாமல்.

எண்பத்தெட்டு.
தொலைபேசி அடிக்கிறது. மகள் ரேணு எடுக்கிறாள்.
"ஆமா, வீடுதான்" என்கிறாள்.
அதோடு முடிகிறது. மீதிப் பக்கம் வெள்ளை.

அங்கே ஒரு பத்தி இருந்தது.
அவள் சுவரில் சாய்ந்தாள், சரிந்தாள்,
அப்பாவின் ஒற்றைச் செருப்பை மடியில் வைத்து
இன்னும் என்னவெல்லாமோ.
அச்சகத்தில் விழுங்கிவிட்டார்கள்.
நான் போனில் கத்தியது
பதிப்பாளருக்கு இன்னும் நினைவிருக்கும்.

ஓரத்தில், எழுத்து முதல் முறையாகச் சாய்ந்து:
"இங்கே நிறுத்தத் தெரிந்ததே. போதும்."
அதற்குக் கீழே ஒரு வட்டக் கறை.
கண்ணீர் என்றுதான் நான் எழுத வேண்டும்.
பழுப்பாக இருந்தது. கோப்பி.

அதன்பின் பென்சில் இல்லை.
நூறு பக்கமும் சுத்தம்.
படித்தாரோ, மூடிவிட்டாரோ.

பின்னட்டையின் உள்பக்கம், அதே கை:
"அம்மா ஸ்கேன். டான் டோக் செங், நான்காம் மாடி. 3.40.
சாப்பிடக் கூடாது. தண்ணீர் மட்டும்."

ஆக, காத்திருக்கும் நாற்காலியில் ஒருவர்
என் கயிற்றை, என் மழையை
ஒவ்வொன்றாகப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறார்,
எதுவும் உள்ளே வந்துவிடாதபடி.
அச்சுப்பிழை ஒன்றுதான்
கதவைத் தட்டாமல் நுழைந்திருக்கிறது.

அழிரப்பர் பையில் இருந்தது. எடுக்கவில்லை.
எண்பத்தெட்டில், அவர் வரிக்குக் கீழே,
"அது நான் இல்லை" என்று எழுதினேன்.
நூல் திருப்பும் பெட்டிக்குள் போட்டேன்;
விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்றேன்.

சரி, உங்களிடமும் ஒன்று சொல்லிவிடுகிறேன்.
நான் முதலில் திறந்தது பின்னட்டையைத்தான்.
அலமாரி முன்னால் நின்றபடி.
எல்லாம் தெரிந்துதான் கோப்பி வாங்கினேன்.
அந்தக் குறிப்பைக் கடைசிக்குத் தள்ளி வைத்தது
உங்களுக்காக.

அதில் இருந்த நேரமும் மூன்றரை.
மூன்று நாற்பது என்றால்தான்
ஒருவர் கடிகாரம் பார்ப்பது தெரியும்.