நாலு விரல்

சுங்கை பினாங் கதவைத் தட்டவில்லை.
இரவு இரண்டரைக்குக் கழிவறைத் துளை வழியே
உள்ளே ஏறியது.
பிரிட்ஜ் எருமை மாதிரி மிதந்து
சுவரை முட்டிக்கொண்டிருந்தது.
மேசைமேல் நாற்காலி, நாற்காலிமேல் யுவனேசன்,
அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு நான்.

மூன்றாம் நாள்தான் வெயில்.
சேறு வாரி வாரி வளையல் கழன்றது.
நனைந்த நோட்டுகளைக் கொடியில்
கிளிப் போட்டு மாட்டினான் பிள்ளை;
வாய்ப்பாடெல்லாம் நீலமாய்ச் சொட்டியது.

பாகான் அஜாமிலிருந்து வந்தேன் என்றார் ஒருவர்.
லோரியிலிருந்து பம்ப் இறக்கி
ஒரு மணிநேரம் என் தரையைக் கழுவினார்.
பெயர் கேட்டேன்.
"அடுத்த வீடு இருக்குக்கா."
நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள்
லோரி சந்துக்குள் திரும்பிவிட்டது.

அம்மன் படம் அடுப்பின்மேல் கிடந்தது.
அவர் இறந்த வருஷம் கோபத்தில்
அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தவள் நான்.
அற்புதம் என்று சொல்லமாட்டேன்.
மரச்சட்டம், மிதக்கத்தான் செய்யும்.
ஆனாலும் முகம் மேலே பார்த்திருந்தது.

பாட்டிலில் சூடம் நனையாமல் இருந்தது,
தீப்பெட்டிதான் கூழாகிவிட்டது.
மோட்டார் கடை ஆ செங்
சிகரெட் லைட்டரை நீட்டினான்;
காற்றடிக்க, தன் எண்ணெய்க் கையாலேயே
சுடரை மறைத்துக்கொடுத்தான்.
என்ன வேண்டிக்கொண்டேன், நினைவில்லை.
எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது.

சாயமடிக்க வந்தவனிடம்
கதவோரம் ஒரு முழம் விட்டுவிடச் சொன்னேன்.
முறைத்தான்.
அங்கே பழுப்பாய் நீர்க்கோடு.
அதற்கு மேலே, பென்சிலில்,
யுவனேசனின் போன தீபாவளி உயரம்.
நடுவே நாலு விரல்.

விளக்கை இப்போது
அங்கேதான் வைக்கிறேன்.